ஆபத்தை ஏற்றுக்கொண்டது யார்?

2015 ஆகஸ்ட் 22, சனிக்கிழமை பிற்பகல். இங்கிலாந்தின் தென் கடற்கரையோரம் ஷோரம் விமான நிலையத்தில் விமான சாகச நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. 1955-இல் தயாரான ஹாக்கர் ஹன்டர் என்ற போர் ஜெட் தாழப் பறந்து வந்து, மேலே ஏறி, தலைகீழாகக் கவிழ்ந்து கரணம் அடித்தது. கரணத்தை முடித்து நிமிர உயரம் போதவில்லை. விமான நிலையத்துக்கு வெளியே ஓடும் ஏ27 நெடுஞ்சாலையில் விழுந்து தீப்பிழம்பானது. 11 பேர் இறந்தார்கள். விமானி படுகாயத்துடன் பிழைத்தார். இறந்தவர்களில் ஒருவர்கூட நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே இருந்தவர் அல்லர். கால்பந்து ஆட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், வேலையாகக் கார் ஓட்டிச் சென்றவர், சாலைச் சந்திப்பில் சற்று நின்று வானத்தைப் பார்த்தவர்கள். இப்படி ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் இரண்டு குரல்கள் எழுகின்றன. பழைய விமானங்களைப் பறக்கவே விடக்கூடாது என்கிறது ஒன்று. ஆபத்தில்லாத வாழ்க்கை எங்கே இருக்கிறது என்று கேட்கிறது மற்றொன்று. இரண்டுமே முக்கியமான கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைவிட, அது யார் தலைமேல் இருந்தது, அவர்கள் அதைத் தெரிந்து ஏற்றுக்கொண்டார்களா என்பதுதான் நாம் கேட்க வேண்டியது. பழைய விமானங்கள் பறக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அவற்றின் ஆபத்து, அதை அறிந்து ஏற்றவர்களோடு நின்றுவிட வேண்டும்.

ஷோரமில் என்ன நடந்தது என்பதை பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு 2017 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை விரிவாகச் சொல்கிறது. கரணத்தைத் தொடங்கும்போது விமானம் 350 நாட், அதாவது மணிக்குச் சுமார் 650 கிலோமீட்டர் வேகத்தில் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ ஏறத்தாழ 310 நாட். மேலேறும்போது எஞ்சினின் முழு விசையும் கிடைக்கவில்லை. கரணத்தின் உச்சியில் 3,500 அடி உயரம் தேவை. விமானம் எட்டியது சுமார் 2,700 அடி. உச்சியைக் கடந்த பிறகும் சில விநாடிகள் வரை கரணத்தைக் கைவிட்டு, விமானத்தைப் புரட்டி நிமிர்த்தித் தப்பித்திருக்க முடியும் என்று பின்னர் செய்த சோதனைப் பறத்தல்கள் காட்டின. விமானம் காற்றிலேயே உடைந்து விழவில்லை. கடைசி வரை விமானியின் கைக்குக் கட்டுப்பட்டே பறந்தது. இவையெல்லாம் தொழில்நுட்ப விவரங்கள். அந்த அறிக்கையில் என்னை அதிகம் உலுக்கிய பகுதி வேறு. நிகழ்ச்சியின் அமைப்பாளர்களுக்கு, விமானி எந்த வரிசையில் எந்தச் சாகசங்களை எங்கே செய்யப் போகிறார் என்பது முன்கூட்டியே விவரமாகத் தெரிந்திருக்கவில்லை. எந்த ஆபத்துக்கு யார் பொறுப்பு என்பதில் தெளிவு இல்லை. குறிப்பாக, வளாகத்துக்கு வெளியே, அமைப்பாளர்களின் கட்டுப்பாட்டில் இல்லாத பொதுமக்களின் பாதுகாப்பு யார் பொறுப்பு என்பது எவருடைய கணக்கிலும் சரியாக ஏறவில்லை. இத்தனைக்கும் நிகழ்ச்சியைக் காண அந்தச் சாலையோரத்தில் ஆட்கள் கூடுவது அமைப்பாளர்களுக்குத் தெரியாத செய்தியும் அல்ல.

இந்த இடைவெளி எப்படி உண்டானது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1952 செப்டம்பர் 6 அன்று ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சியில், அப்போது புத்தம் புதியதாக இருந்த டி ஹாவிலண்ட் 110 விமானம் வானிலேயே சிதறியது. அதன் எஞ்சின்கள் கூட்டத்துக்குள் பாய்ந்தன. விமானத்தில் இருந்த இருவரோடு பார்வையாளர்கள் 29 பேரும் இறந்தனர். நிகழ்ச்சி நிற்கவில்லை. சிதைவுகளை அகற்றியதும் நெவில் டியூக் என்ற சோதனை விமானி மேலேறி, ஒலியின் வேகத்தைத் தாண்டிக் காட்டினார். அவர் ஓட்டியது ஹன்டர் விமானத்தின் முன்மாதிரிகளில் ஒன்று. பிரதமர் சர்ச்சில் அவருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார். போர் முடிந்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்த நாடு அது. வானிலிருந்து சாவு விழுவதை அந்தத் தலைமுறை இரவுதோறும் கண்டு பழகியிருந்தது. ஆனாலும் அந்த விபத்து விதிகளை மாற்றியது. சாகசம் நடக்கும் கோட்டுக்கும் கூட்டத்துக்கும் இடையே தூரம் வைக்க வேண்டும், கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கக்கூடாது என்ற கட்டுப்பாடுகள் இறுகின. அமெரிக்காவும் 1951-இல் கொலராடோ மாநிலத்தின் ஃபிளாக்லர் என்ற சிற்றூரில் 20 பேரைப் பறிகொடுத்த பிறகே இதே திசையில் நகர்ந்தது. 1988-இல் ஜெர்மனியின் ராம்ஷ்டைன் தளத்தில் இத்தாலிய விமானப்படைக் குழுவின் மூன்று ஜெட்டுகள் மோதி, அவற்றில் ஒன்று கூட்டத்துக்குள் விழுந்து மொத்தம் 70 பேர் இறந்தபோது, கூட்டத்தை நோக்கிப் பறக்கும் சாகசங்கள் மீது ஐரோப்பாவில் கட்டுப்பாடுகள் மேலும் இறுகின.

இந்த விதிகள் வேலை செய்தன என்பதை மறுக்க முடியாது. ஃபார்ன்பரோவுக்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, பிரிட்டனின் நிகழ்ச்சிகளில் பார்வையாளர் வரிசையில் நின்ற ஒருவரும் விமானம் விழுந்து இறக்கவில்லை. ஆனால் அந்த விதிகள் காப்பாற்ற நினைத்தது வேலிக்கு உள்ளே இருந்த கூட்டத்தை. கூட்டத்திடமிருந்து விலக்கப்பட்ட சாகசம் எங்கே போகும்? வயலுக்கு மேல் போனால் நல்லது, கடலுக்கு மேல் போனால் இன்னும் நல்லது. ஷோரமில் அது நெடுஞ்சாலைப் பக்கம் போனது. பணம் கொடுத்து, ஓரளவு தெரிந்தே வந்தவர்களைக் காக்க எடுத்த முயற்சி, எதுவும் தெரியாமல் அந்த வழியே போனவர்களை ஆபத்துக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தியது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல இது. அந்த வழிப்போக்கர்களுக்காகப் பேச, திட்டமிடும் மேசையில் ஒருவரும் இருக்கவில்லை.

ஆபத்தைப் பற்றிப் பொதுமக்கள் நினைப்பதெல்லாம் பகுத்தறிவற்றது என்று நிபுணர்கள் சில நேரம் சலித்துக்கொள்கிறார்கள். அமெரிக்கப் பொறியாளர் சான்சி ஸ்டார் 1969-இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை இதற்கு வேறு விளக்கம் தந்தது. தாமாக ஏற்றுக்கொள்ளும் ஆபத்தை, தங்கள்மேல் சுமத்தப்படும் ஆபத்தைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு வரை மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள் என்றார் அவர். அந்த எண்ணைப் பின்னர் வந்த ஆய்வாளர்கள் கேள்விக்கு உட்படுத்தினார்கள். பால் ஸ்லோவிக் போன்ற உளவியலாளர்கள், அச்சுறுத்தும் தன்மையும் பழக்கமின்மையும்கூட மக்களின் மதிப்பீட்டை மாற்றுகின்றன என்று காட்டினார்கள். ஆனால் விருப்பத்துக்கும் திணிப்புக்கும் இடையே மக்கள் ஒரு கோடு போடுகிறார்கள் என்ற அடிப்படை உண்மை நிற்கிறது. மலையேறுபவர் பனியில் சறுக்கி இறந்தால் நாம் வருந்துகிறோம். அதே மலையடிவாரத்தில் யாரோ உருட்டிவிட்ட பாறை ஒரு வீட்டின்மேல் விழுந்தால் கொதிக்கிறோம். இரண்டிலும் இறந்தவர் ஒருவர்தான். கொதிப்பு வேறுபடுவது கணக்குத் தெரியாததால் அல்ல, நியாயம் தெரிந்ததால்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. ஷோரம் விபத்து நடந்த அதே ஆண்டில் பிரிட்டனின் சாலைகளில் 1,700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏ27-இல் போகிற ஒருவர் மேல் விமானம் விழும் வாய்ப்பைவிட, எதிரே வரும் லாரி மோதும் வாய்ப்பு எத்தனையோ மடங்கு அதிகம். அப்படியிருக்க, விமான நிகழ்ச்சிகளைப் பிடித்து நெருக்குவது ஏன்? கணக்கு சரிதான், ஆனால் முடிவு அதிலிருந்து வரவில்லை. சாலையில் போகிறவர் அந்தச் சாலையின் பயனை அனுபவிக்கிறார். தான் ஓட்டும் காரால் பிறருக்கும் அதே ஆபத்தைக் கொடுக்கிறார். அங்கே ஆபத்தும் பயனும் எல்லோருக்கும் பொதுவாகப் பங்கிடப்படுகின்றன. தலைக்கு மேல் அடிக்கும் கரணத்தால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. இன்னொன்றும் உண்டு. சாலை ஆபத்தைக் குறைக்க நாடே கோடிக்கணக்கில் செலவிட வேண்டும். கரணத்தின் ஆபத்தை வழிப்போக்கர் தலையிலிருந்து அகற்ற, பல இடங்களில், அதை ஓரிரு கிலோமீட்டர் தள்ளி வைத்தால் போதும். அல்லது அந்த ஒரு சாகசத்தை விட்டுவிட்டால் போதும். சிறிய ஆபத்து என்பதால் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற வாதம், அதை நீக்குவது எளிது என்று தெரிந்தவுடன் வலுவிழந்துபோகிறது.

சரி, தெரிந்தே ஏற்றவர்கள் என்கிறோமே, அவர்களுக்கு உண்மையில் எவ்வளவு தெரியும்? 2018 ஆகஸ்ட் 4 அன்று சுவிட்சர்லாந்தில் பீட்ஸ் செக்னாஸ் சிகரத்துக்கு அருகே, 1939-இல் தயாரான யுங்கர்ஸ் 52 விமானம் விழுந்து, பயணிகள் 17 பேரும் ஊழியர்கள் மூவரும் இறந்தனர். அது பழைய விமானத்தில் மலைகளைச் சுற்றிக் காட்டும் சுற்றுலாப் பறத்தல். மாற்று வழி இல்லாத குறுகிய பள்ளத்தாக்குக்குள், தாழ்வாகவும், ஆபத்தான அளவுக்கு வேகம் குறைந்தும் விமானம் ஓட்டப்பட்டது என்று விசாரணை கண்டது. அதைவிடக் கவலை தருவது, அந்த நிறுவனத்தில் விதிகளை மீறிப் பறப்பது ஒரே நாளில் நடந்த தவறு அல்ல, பழக்கமாகவே ஆகியிருந்தது என்ற முடிவு. விமானிகள் நீண்ட அனுபவம் உள்ளவர்கள். பயணச்சீட்டு வாங்கிய குடும்பங்கள் பெரிய விமான நிறுவனத்தின் பாதுகாப்பு தங்களுக்கும் கிடைக்கும் என்று நம்பியிருந்தால் அதில் வியப்பில்லை. அடுத்த ஆண்டு அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால பி-17 குண்டுவீச்சு விமானம் ஒன்று, எஞ்சின் விசை குறைந்து திரும்பி வந்து தரையிறங்கும்போது மோதியது. 13 பேரில் 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் கட்டணம் செலுத்திய பயணிகள். பராமரிப்பில் குறை இருந்தது, இருக்க வேண்டிய பாதுகாப்பு மேலாண்மை முறை செயல்படவில்லை என்று விசாரணை சொன்னது. பயணிகளை ஏற்றிச் செல்ல அந்த அமைப்புக்குக் கொடுத்திருந்த சிறப்பு அனுமதியை அரசு ரத்து செய்தது. ஒப்புதல் என்பது கையெழுத்தில் இல்லை. எதை ஒப்புக்கொள்கிறோம் என்று தெரியாத ஒப்புதலுக்கு மதிப்பும் இல்லை.

பழைய விமானம் என்றதும் துருப்பிடித்த இரும்பும் அறுந்துவிழும் கம்பியும் பலர் மனக்கண்ணில் வருகின்றன. வயது ஒரு காரணியே அல்ல என்று சொல்ல மாட்டேன். 2011-இல் அமெரிக்காவின் ரீனோ விமானப் பந்தயத்தில் பி-51 மஸ்டாங் ஒன்று பார்வையாளர்களுக்கு நடுவே விழுந்து, விமானியோடு சேர்த்து 11 பேர் இறந்தார்கள். வாலில் இருந்த சிறு அசைவுத் தகட்டைப் பிடித்திருந்த திருகுகளின் லாக் நட்டுகள் தேய்ந்து தளர்ந்திருந்தன. ஒருமுறை கழற்றினால் மாற்ற வேண்டிய நட்டுகள் அவை. ஆனால் அந்த விமானம் பந்தய வேகத்துக்காகப் பெரிதும் மாற்றி அமைக்கப்பட்டிருந்ததும் காரணம்தான். மாறாக, 77 பேரைப் பலிகொண்ட 2002 உக்ரைன் லிவிவ் விபத்தில் விழுந்தது சுகோய் 27 என்ற நவீனப் போர் விமானம். 2022 நவம்பர் 12 அன்று டாலஸ் நகரில் பி-17, பி-63 என்ற இரண்டு போர்க்கால விமானங்கள் வானில் மோதி 6 பேர் இறந்ததற்கும் விமானங்களின் முதுமை காரணமல்ல. ஒரே நேரத்தில் பறக்கும் இரண்டு குழுக்களையும் எந்த உயரத்தில், எந்தத் தூரத்தில் பிரித்து வைப்பது என்ற திட்டம் முன்கூட்டியே பேசி முடிவாகவில்லை. ஏர் பாஸ் என்று அழைக்கப்படும் வான்வெளி நெறியாளர் வானொலியில் அப்போதைக்கப்போது சொல்வதையும், விமானிகள் ஒருவரையொருவர் கண்ணால் பார்த்து விலகிக்கொள்வதையும் நம்பியிருந்தார்கள். சிதைவுகள் அருகிலிருந்த நெடுஞ்சாலை வரை சிதறின. கீழே இருந்தவர்களில் எவரும் சாகாதது நல்லூழ்.

முதுமை உண்மையிலேயே கடிக்கும் இடம் வேறு. அந்த விமானத்தை வடிவமைத்த நிறுவனத்தின் அறிவு எப்போது கிடைக்காமல் போகிறதோ, அங்கே. பிரிட்டனின் கடைசிப் பறக்கும் வல்கன் குண்டுவீச்சு விமானம் 2015 அக்டோபரில் தன் கடைசிப் பறத்தலை முடித்தது. அது விழவில்லை, உடையவில்லை. அதற்குத் தொழில்நுட்பப் பொறுப்பு ஏற்றிருந்த நிறுவனங்கள், அந்த விமானத்தை அறிந்த பொறியாளர்கள் இனி நம்மிடம் போதுமான அளவில் இல்லை என்று விலகிக்கொண்டன. விமானம் தரையில் நின்றது. இலட்சக்கணக்கானோர் நேசித்த விமானத்தை விழுவதற்கு முன்பே நிறுத்த முடிந்தது என்பதை, இந்தத் துறையின் பொறுப்புணர்வுக்குக் கிடைத்த மிகச் சிறந்த சான்றாக நான் கருதுகிறேன்.

அப்படியானால் எல்லாவற்றையும் அருங்காட்சியகத்தில் நிறுத்திவிடலாமே என்று கேட்பவர்களுக்கு என்ன பதில்? லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் இன்று பறக்கக்கூடியவை உலகில் இரண்டே. ஒன்று பிரிட்டனின் விமானப்படையிடமும் மற்றொன்று கனடாவிலும் இருக்கின்றன. அந்தப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படை 55,000-க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. நான்கு மெர்லின் எஞ்சின்களின் ஒலி தலைக்கு மேல் கடந்து போவது, அந்த இழப்பின் வாரிசுகளுக்கு ஒரு சிலைக்கு முன் நிற்பதைவிட ஆழமாகப் போய்ச் சேருகிறது. பறக்கும் விமானத்தைப் பராமரிக்கத்தான் மெர்லின் எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கும் கைகளும், துணியையும் மரத்தையும் இறக்கையாக்கும் கைகளும் அடுத்த தலைமுறையில் உருவாகின்றன. நிறுத்தி வைத்த விமானத்துக்கு வண்ணம் பூசினால் போதும். ஆகவே இந்தப் பயனை நான் உண்மையாகவே மதிக்கிறேன். ஆனால் இந்தப் பயனுக்கு நெடுஞ்சாலைக்கு அருகே அடிக்கும் கரணம் தேவையில்லை. நேராகப் பறந்து கடந்தாலும், கடலுக்கு மேல் வளைந்து திரும்பினாலும் அந்த ஒலியும் வடிவமும் கிடைத்துவிடும். ஷோரம் விபத்து நடந்த இரண்டே நாளில், நிலத்துக்கு மேல் பழைய ஜெட்டுகள் நேராகப் பறந்து கடப்பதைத் தவிர வேறெதுவும் செய்யக்கூடாது என்று பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் கட்டுப்படுத்தியது. அந்த முடிவைச் சரியென்றே கருதுகிறேன். ஜெட்டுக்கும் சிறு விமானத்துக்கும் இடையே கோடு போட இயற்பியலிலேயே காரணம் இருக்கிறது. மோதும் பொருளின் ஆற்றல் எடையோடு ஏறுகிறது. வேகத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. ஒரு டைகர் மாத் இரட்டை இறக்கை விமானம் முக்கால் டன் சொச்சம், சாகசத்தில் மணிக்கு 150 கிலோமீட்டர். ஹன்டர் அதைப்போல் பல மடங்கு எடை, ஏறத்தாழ நான்கு மடங்கு வேகம். ஆற்றலில் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது. இரண்டையும் பழைய விமானம் என்ற ஒரே பெயரில் அடக்கி ஒரே விதி எழுதுவது சிறியதற்குக் கொடுமை, பெரியதற்குச் சலுகை.

செலவு பற்றிய புகாரும் நியாயமானது. 2016-இல் ஆணையம் கண்காணிப்புக் கட்டணங்களை உயர்த்தியபோது, தன்னார்வலர்கள் நடத்தும் சிறு நிகழ்ச்சிகள் அழிந்துவிடும் என்று துறையினர் எதிர்த்தார்கள். அதே ஆண்டு ஃபார்ன்பரோவில், சுற்றிலும் பெருகிவிட்ட குடியிருப்புகளையும் சாலைகளையும் காட்டி, பிரிட்டன் விமானப்படையின் ரெட் ஆரோஸ் சாகசக் குழு முழு நிகழ்ச்சியைக் கைவிட்டு நேர்ப்பறத்தலோடு நிறுத்திக்கொண்டது. ஷோரமில் அந்த விமான நிகழ்ச்சி மீண்டும் நடக்கவேயில்லை. இழப்புதான். ஆனால் பாதுகாப்புச் செலவைச் சேர்த்தால் கட்டுப்படியாகாத நிகழ்ச்சிக்கு, அதுவரை அந்தச் செலவைச் சத்தமில்லாமல் சுமந்துவந்தவர்கள் வெளியே சாலையில் போனவர்கள்தான். இடம் மாற்றினால் எல்லாம் தீரும் என்றும் சொல்லிவிட முடியாது. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் இந்திய விமானப்படையின் நிகழ்ச்சி கடலுக்கு மேல்தான் நடந்தது. டகோட்டா, ஹார்வர்ட் போன்ற பழைய விமானங்களும் பறந்தன. எல்லாம் பத்திரமாக இறங்கின. கீழேயோ வெயிலிலும் நெரிசலிலும் சிக்கி 5 பேர் உயிரிழந்தார்கள். விமானம் விழுமோ என்ற அச்சம் கண்ணை வானத்தில் நிறுத்திவிடுகிறது. குடிநீர், நிழல், கூட்டம் கலைந்து வெளியேறும் வழி ஆகியவையும் அதே ஆபத்துக் கணக்கில் எழுதப்பட வேண்டியவை.

மிஞ்சுவது பழி பற்றிய கேள்வி. ஷோரம் விமானி மீது பெரும் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது; 2019 மார்ச்சில் லண்டன் நீதிமன்றத்தில் அவர் 11 குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிக்கப்பட்டார். 2022 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, 11 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று முடிவு சொன்னார். இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு, வெவ்வேறு அளவுகோல்களில் கிடைத்த விடைகள். ஏழு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த குடும்பங்களுக்கு அந்தச் சட்ட நுணுக்கம் ஆறுதலாக இருந்திருக்காது. அவர்கள் பொறுப்பேற்பைக் கேட்டதில் தவறே இல்லை. ஆனால் இதற்கிடையே 2016-இல் வந்த இன்னொரு தீர்ப்பை நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். விமானி விபத்து விசாரணையாளர்களிடம் சொன்ன வாக்குமூலத்தைத் தங்களுக்குத் தர வேண்டும் என்று காவல்துறை கேட்டபோது, உயர் நீதிமன்றம் விமானத்துக்குள் பதிவான காட்சிகளைத் தர அனுமதித்தது; வாக்குமூலத்தைத் தர மறுத்தது. விசாரணையாளரிடம் சொல்வதெல்லாம் நாளை தனக்கு எதிராகத் திரும்பும் என்று தெரிந்தால், அடுத்த விமானி வாய் திறக்கமாட்டார். அவர் சொல்லாமல் விட்ட உண்மையின் விலையை வேறு யாரோ செலுத்துவார்கள்.

இந்தத் துறைக்கு இன்னும் தேவைப்படுவது அந்த உண்மைகள் விபத்துக்கு முன்பே நடமாடும் வழி. ஷோரமுக்கு முந்தைய ஆண்டு, வேறொரு கடற்கரை நிகழ்ச்சியில் இதே விமானி வேறு விமானத்தில் சாகசம் செய்துகொண்டிருந்தபோது, பாதியில் நிறுத்துமாறு தரையிலிருந்து கட்டளை போயிருந்தது. அந்தச் செய்தி உரிய இடங்களுக்குச் சென்று, உரிய கேள்விகளை எழுப்பவில்லை. நிறுத்தச் சொன்ன ஒவ்வொரு சம்பவமும் விமானிக்கு அவமானமாகக் கருதப்படாமல், மறுநாளே எழுத்தில் ஆணையத்துக்குப் போக வேண்டும். அந்த விமானி அடுத்து எங்கே பறக்கிறாரோ, அந்த நிகழ்ச்சியின் இயக்குநர் மேசைக்கும் அது வந்து சேர வேண்டும். அதே மேசையில், சாகசத்தின் முழு வரிசையும், அது கடக்கும் நிலத்தின் வரைபடமும், அந்த நிலத்தில் அந்த மணி நேரத்தில் யார் யார் இருப்பார்கள் என்ற குறிப்பும், அவர்கள் பாதுகாப்புக்குப் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் ஒருவரின் கையெழுத்தும் இருந்த பிறகே எஞ்சினை இயக்க அனுமதி கிடைக்க வேண்டும்.